கிடங்கில் அழகர்சாமி உயிரோடிருக்கிறார்

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்திக்கொண்டு பேசுகிற அளவுக்கு என்ன இருக்கிறது, தணிகைவேல் சாருடைய அறைக்கதவு எப்போதும் திறந்துதான் இருக்கும், ஏசி காற்று வெளியே போகிறது என்று அட்மினில் சொன்னால்கூட அவர் கேட்டதில்லை, இன்றைக்குச் சாத்தியிருக்கிறார். சாத்தினால் என்ன, சுவர் கண்ணாடிதான். ரெக்ஸ்லினுடைய முதுகு தெரிகிறது. நீலக் கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி இல்லை, இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முதுகைப் பார்த்து ஒருவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க முடியுமா, முடியும் என்று நினைக்கிறேன், பொய் சொல்கிறவன் அசையாமல் உட்காருவான், இவன் அசையவில்லை. நான் பெயர் சொல்லவில்லை. காலையில் சார் கேட்டார், கிடங்கு டேபிளில், பதிவுகளெல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில், நேரடியாகக் கை வைக்க யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று. ரெண்டு பேருக்கு சார், ஒன்று நான் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி என்றார். பெயர் அவர் வாயிலும் வரவில்லை, என் வாயிலும் வரவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜை மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு நான் சொன்னதுதான், மூணு மணி இம்போர்ட் ஓடுற நேரத்துக்கு அவனை உங்க ரூமுக்குக் கூப்பிட்டு வச்சிருங்க சார், அவன் கை கீபோர்டுல இல்லாதப்ப என்ன வருதுன்னு நான் பாத்துடறேன், அதைச் சொன்னது நான்தான். சொல்லும்போது குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது. பிள்ளைக்கு மருந்தளவு சொல்கிற மாதிரி.

இம்போர்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. எங்கள் அறக்கட்டளைக்குப் பத்தொன்பது ரத்த மையங்கள், மதுரை, தேனி, கடலூர், கோவில்பட்டி என்று, ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்துகொண்டே இருக்கிறார், இவர் ரத்தம் கொடுத்தார், இவர் ஊர் மாறினார், இவருக்கு மஞ்சள் காமாலை, இவர் இறந்துவிட்டார். அதெல்லாம் ஒரு பொது டேட்டாபேஸில் சேர்கிறது. அங்கிருந்து மணிக்கு ஒருமுறை, இம்போர்ட் ஓடும்போது, கிண்டியில் இருக்கும் எங்கள் கிடங்குக்கு வருகிறது, டேட்டா வேர்ஹவுஸ் என்பது அதன் பெயர், நாங்கள் கிடங்கு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எல்லாவற்றையும் மணிக்கொருதரம் அள்ளி வர முடியாது, லட்சக்கணக்கில் இருக்கிறது, அதனால் மாறியதை மட்டும் கேட்போம். எது மாறியது என்று எப்படித் தெரியும், ஒவ்வொரு பதிவிலும் அதைச் சேமித்த நேரம் இருக்கும், போன முறை வந்ததிலேயே கடைசி நேரம் எதுவோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சேமித்ததை மட்டும் கொடு என்று கேட்க வேண்டும். வந்தவரைக் கிடங்கில் தேடு, ஏற்கெனவே இருந்தால் பழையதன் மேல் புதியதை எழுது, இல்லையென்றால் புதிதாகச் சேர். அவ்வளவுதான் மெர்ஜ். நான் எழுதியது. நாலு வருஷமாக ஓடுகிறது, ஒரு நாள் நின்றதில்லை, ஒரு பிழை என்று சிவப்பு வரி காட்டியதில்லை. ஆனால் கிடங்கில் அழகர்சாமி உயிரோடிருக்கிறார். ஓ நெகடிவ், மதுரை, கூப்பிட்டால் வருவார் என்று பச்சை நிறத்தில் இருக்கிறார். மதுரை மையத்தில் அவர் காலமானதை என்றைக்கோ பதிந்துவிட்டார்கள், திரையைப் படம் எடுத்தும் அனுப்பினார்கள், அங்கே இறந்தவர் இங்கே இருக்கிறார். உதவி மையத்திலிருந்து ஒரு பெண் அவர் வீட்டுக்கு போன் போட்டு, சார் இருக்காங்களா, ஒரு அம்மாவுக்குப் பிரசவம், அவசரமா ரத்தம் வேணும் என்று கேட்டிருக்கிறாள். எடுத்தது அவர் மனைவி. மறுபடி அடுத்த வாரம் வேறொரு பெண் கேட்டிருக்கிறாள். அந்தப் பேச்சின் பதிவை எனக்கு அனுப்பினார்கள், கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். ரெண்டாந்தடவ கேக்கீங்கம்மா, உங்க கம்ப்யூட்டர்ல அவுக இருக்காகன்னா எங்க இருக்காகன்னும் பாத்துச் சொல்லுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அழவில்லை அந்த அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அழகர்சாமி மட்டும் இல்லை. அங்கும் இங்கும் ஒப்பிட்டுப் பார்த்தால் முப்பது சொச்சம் பேர் பழைய நிலையிலேயே நிற்கிறார்கள். எல்லாம் கடந்த இரண்டு மாதத்தில். இரண்டு மாதத்துக்கு முன்பு என்ன நடந்தது, ரெக்ஸ்லின் வந்து சேர்ந்தான். இதைக் கண்டுபிடிக்க அறிவு வேண்டுமா. நாகர்கோவில் பக்கம், ஈக்காட்டுத்தாங்கலில் அறை, ஆறு மாத ஒப்பந்தம், பிடித்துப் போனால் நிரந்தரம். வந்த முதல் நாளே எக்கா என்றான். அலுவலகத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, மேடம், இல்லையென்றால் வெறும் பூங்கோதை, இவன் எக்கா என்றதும் எனக்குள் ஏதோ இளகியது, அப்படி இளகியதாலேயே அவன் மேல் முதல் சந்தேகம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது, இளக வைக்கிறவனுக்கு ஏதோ தேவை இருக்கிறது. தேவை என்ன. என் நாற்காலி. என் கோடு, நான் எழுதிய நிரல், கெட்டுப்போனது என்று காட்டினால் போதும், புதிதாக எழுதட்டும் என்பார்கள், எழுத அவன் இருக்கிறான். சேர்ந்து பத்து நாளிருக்கும், டப்பாவில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எக்கா இந்த மெர்ஜ் நீங்க எழுதினதாக்கும், ஒரு சம்சயம் கேக்கட்டா என்றான். என்ன என்றேன். இதுல நேரம் யாருக்க நேரம், நம்ம சர்வருக்க நேரமா, அங்க பதியுற ஆளுக்க கம்ப்யூட்டர் நேரமா. எனக்குச் சுருக்கென்றது. அது நாலு வருஷமா ஓடுது ரெக்ஸ்லின், முதல்ல நீ ரிப்போர்ட் வேலையைப் பாரு என்றேன். சரிக்கா என்று சிரித்தான். ஏன் சிரித்தான். இன்னொரு நாள் கிடங்கு டேபிளில் ஒருவரின் தொலைபேசி எண்ணை நேரடியாகக் கையாலேயே மாற்றியிருந்தான், என்னிடம் கேட்காமல். என்னடா இது என்றால், ஒரு நர்ஸ் போன்ல அழுதிட்டாவக்கா, இம்போர்ட் வாறது வரைக்கும் காத்திருக்கச் சொல்ல மனசு வரல்ல. அழுதார்களாம். கை வைக்கத் தெரிந்த கை ஒரு எண்ணோடு நிற்குமா. மாடிப்படியில் நின்று தாழ்ந்த குரலில் போன் பேசுகிறான், நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது கேட்டது, இந்த மாசத்தோட முடிஞ்சிரும், அக்காவுக்கு மட்டும் தெரியாண்டாம். அக்காவுக்கு. அன்றைக்கு இரவெல்லாம் அந்தச் சொல் தூங்கவிடவில்லை. அவனுக்கு ஊரில் சொந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள், கல்யாணத்துக்குக் காத்திருக்கிறாள், இது எனக்குத் தெரியும், அவனே சொல்லியிருக்கிறான், ஆனால் அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. இப்போது ஏன் வருகிறது.

குளிர் நேராகப் பிடரியில் விழுகிறது. இந்த இடத்தை மாற்றித் தாருங்கள் என்று மூன்று முறை கேட்டாயிற்று, மாற்றவில்லை, வேண்டுமென்றேதான் என்று தோன்றுகிறது, அட்மினில் இருக்கும் அந்த ஆளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் என்று வீட்டுக்காரர் சொல்வார். மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் இவள் இப்படி ஆனாள், எந்தச் சந்தேகப் பிராணியோட ரத்தமோ என்று உறவுக்காரர்கள் மத்தியில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் குழாய்க்குள் இறங்கிய அந்தச் சிவப்பைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது மறக்கவில்லை. யாருடையதோ, பெயர் தெரியாது, அவர் யாரை வெறுத்தார், எதற்குப் பயந்தார் தெரியாது, ஒவ்வொரு சொட்டாக வந்து என்னுடையதோடு கலந்தது, கொஞ்ச நேரத்தில் எது என்னுடையது எது அவருடையது என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த மனிதர் இப்போது எங்கள் டேபிளில் எங்கோ இருப்பார். இருப்பாரா, இறந்திருப்பாரா. இறந்து, இங்கே பச்சை நிறத்தில் இருப்பாரோ. மாமியார் வீட்டு வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனபோது வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டவள் இல்லை நான், அதை முதலில் சொல்ல வேண்டும், சந்தேகப்பட்டது மாமியார்தான், நான் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆதாரம் கேட்கிறவள். அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பொறியை வைத்தேன், பொறி என்று சொல்லக் கூடாது, சோதனை. அவன் அறைக்குள் இருக்கும்போது வந்ததெல்லாம் சரியாக நின்றால், அவன்தான். உள்ளே சார் முன்னால் குனிந்து ஏதோ சொல்கிறார். ரெக்ஸ்லின் தலையாட்டுகிறான். எதற்குத் தலையாட்டுகிறான். தலையாட்டாதே, பதில் சொல், பதில் சொன்னால் வாயைப் பார்க்கலாம், முதுகைக் காட்டிக்கொண்டு தலையாட்டுகிறாய்.

முடிந்தது. பச்சை. வழக்கம் போலப் பிழை எதுவுமில்லை. இப்போது ஒப்பிட வேண்டும், அங்கே மாறியவர்கள் எல்லோரும் இங்கேயும் மாறியிருக்கிறார்களா. மாறியிருப்பார்கள். மாறியிருக்க வேண்டும். நான் வேண்டிக்கொள்கிறேனா, ஒருவன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மனுஷியா நான், இல்லை, உண்மை தெரிய வேண்டும் என்றுதான். ஒரே ஒரு பதிவு. கடலூரில் ஒரு பெண் ஊர் மாறிப் போனதாக இரண்டு மணி அடித்து ஆறாவது நிமிடத்தில் சேமித்திருக்கிறார்கள், அது இங்கே வரவே இல்லை, பழைய முகவரியிலேயே இருக்கிறாள். ரெக்ஸ்லின் உள்ளே இருக்கிறான், அவன் திரை நான் பார்க்கப் பார்க்க இருட்டாகக் கிடக்கிறது, அப்படியிருந்தும் ஒன்று பழையபடி நிற்கிறது. முதலில் என்ன நினைத்தேன் என்றால், போனிலிருந்து செய்கிறானோ என்று நினைத்தேன். மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, சார் பேசிக்கொண்டிருக்கும்போதே. எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். போன் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கிறது, இரண்டு கையையும் தொடை மேல் வைத்திருக்கிறான், பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி. அப்படியானால் வேறு யாராவது, இவனுக்கு ஒரு கூட்டாளி, யார், அட்மின் ஆளா, அவனுக்கு டேபிள் என்றால் சாப்பாட்டு மேஜை. உட்கார்ந்தேன். இந்த இம்போர்ட் கடைசியாக நினைவில் வைத்துக்கொண்ட நேரம் எது என்று பார்க்கலாம் என்று தோன்றியது, ஏன் தோன்றியது தெரியாது, நாலு வருஷத்தில் நான் பார்க்காத இடம் அது. பார்த்தேன். பிறகு என் போனில் மணி பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தேன். கடைசிப் பதிவு சேமிக்கப்பட்ட நேரம் இன்னும் வரவில்லை.

இன்னும் வராத ஒரு நேரத்தில் யாரோ ஒருவர் ரத்தம் கொடுத்திருக்கிறார். இதுவும் அவன் செய்ததா என்று மனம் ஓடியது, வெட்கமில்லாமல் ஓடியது, வருங்காலத்தில் ஒரு பதிவை நுழைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டானா. பதிவின் தலையில் மைய எண் இருக்கும். கோவில்பட்டி. கோவில்பட்டி மையம் திறந்து எவ்வளவு காலம், திறப்பு விழாவுக்குச் சார் போய் வந்து கடலை மிட்டாய் கொடுத்தாரே, ரெக்ஸ்லினுக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார், அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான், வந்த ராசி உனக்கு மிட்டாய் என்றார். இரண்டு மாதம். போன மணிக்கான நேரத்தைத் தேடினேன், அதுவும் கோவில்பட்டி, அதுவும் முந்திக்கொண்டு நிற்கிறது, இரண்டு மணி இம்போர்ட் முடிந்தபோது இரண்டு பத்து என்று எழுதி வைத்திருக்கிறது. பிறகு மூன்று மணிக்கு, இரண்டு பத்துக்கு அப்புறம் நடந்ததை மட்டும் கொடு என்று கேட்டிருக்கிறது. கடலூர்ப் பெண் இரண்டு ஆறுக்கு ஊர் மாறினாள். அவளை யாரும் கேட்கவே இல்லை. வாசலில் நின்று, எல்லோரும் வந்தாச்சு என்று நான் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். முப்பது சொச்சம் பேரையும் சேமித்த நேரத்தின்படி வரிசையாக அடுக்கிப் பார்த்தேன், எல்லோரும் மணி அடித்த கையோடு சேமிக்கப்பட்டவர்கள், ஒவ்வொரு மணியின் முதல் பத்து நிமிடத்துக்குள் அத்தனை பேரும், அழகர்சாமி பதினொன்று அடித்து நாலாவது நிமிடத்தில் செத்திருக்கிறார். யாரும் யாரையும் மாற்றவில்லை. உள்ளே வரவே செய்யாதவர்களைத்தான் வந்த பிறகு ஒருவன் மாற்றிவிட்டான் என்று இரண்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாருக்க நேரம் எக்கா. நம்ம சர்வருக்க நேரமா, அங்க பதியுற ஆளுக்க கம்ப்யூட்டர் நேரமா. அந்த ஆளின் கம்ப்யூட்டர் நேரம்தான், ரெக்ஸ்லின். பழைய மென்பொருள், பதிகிறவருடைய கம்ப்யூட்டரில் என்ன மணியோ அதைத்தான் ஒட்டும், எனக்குத் தெரியும், தெரிந்தே எழுதினேன், எல்லோர் மணியும் ஒன்றுதானே என்று எழுதினேன். நம் ஊரில் யார் வீட்டுக் கடிகாரம் சரியான மணி காட்டுகிறது, எங்கள் கூடத்தில் இருப்பதே பத்து நிமிடம் கூட, பள்ளி வேனை விடக் கூடாது என்று நானே நாற்காலி போட்டு ஏறித் திருப்பி வைத்தேன்.

கோவில்பட்டிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போடவில்லை. போடாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம். இரண்டு மாதம் பின்னால் போய், அன்றிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கொண்டுவா என்று ஒரு வரி, பழையதன் மேல் புதியது எழுதிக்கொள்ளும், அழகர்சாமி இறந்துவிடுவார், கடலூர்ப் பெண் வீடு மாறிவிடுவாள், எது எப்போது தவறாக இருந்தது என்பதற்குத் தடம் இருக்காது, மெர்ஜின் அழகே அதுதான், முன்பு என்ன இருந்தது என்று அது சொல்லாது. கோடில் ஒரு சின்னத் திருத்தம், கொஞ்சம் முன்னாலிருந்தே கேள் என்று, அரை மணி வேலை. நாளையிலிருந்து எல்லாம் சரியாகிவிடும். ரெக்ஸ்லினை நிறுத்தினார்கள், சரியாகிவிட்டது, எல்லோருக்கும் புரியும். நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, பெயர்கூடச் சொன்னதில்லையே, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவனுக்கு வேறு வேலை கிடைக்கும், கெட்டிக்காரன், முதல் பத்து நாளில் கேட்டானே அந்தக் கேள்வியை. ஆனால் இரத்த மையத்தில் டேட்டாவில் கை வைத்தவன் என்று போன இடத்துக்கெல்லாம் ஒரு போன் போகும், யார் கேட்டாலும் சார் உண்மையைச் சொல்வார், அவர் நல்லவர், அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொல்வார். கண்ணாடிக்குப் பின்னால் சார் ஒரு தாளை அவன் பக்கம் நகர்த்துகிறார். ரெக்ஸ்லின் சட்டைப்பையில் பேனா தேடுகிறான். இல்லை. சார் தன்னுடையதைக் கொடுக்கிறார். எழுந்தேன், நாற்காலி பின்னால் போய் இடித்தது, யாரோ பார்த்தார்கள், கதவைத் தட்டினேனா தெரியவில்லை.

“உட்காருங்க பூங்கோதை, பேசி முடிச்சாச்சு” என்றார் தணிகைவேல் சார். குரல் இதமாக இருந்தது, துக்க வீட்டில் பேசுகிற குரல். “அவரே ஒத்துக்கிட்டாரு. நான் எதுவும் கடுமையா பேசல. மாசக் கடைசியோட அவரா விலகிக்கறதா எழுதித் தரட்டும், அதான் அவருக்கும் மரியாதை.”

ஒத்துக்கொண்டானா. எதை. நான் அவனைப் பார்த்தேன், இப்போதுதான் முகம் தெரிகிறது, கண் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அழவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

“நாந்தான் எங்கயோ என்னமோ செய்திருப்பேன்க்கா. அன்னைக்கு அந்த போன் நம்பரை மாத்தினேன் பாத்தியளா, அதுல ஏதாவது இழுத்துட்டு வந்திருக்கும். எனக்கு நினைவுக்கு வரல்ல, ராத்திரியெல்லாம் இருந்து பாத்தும் பிடிபடல்ல. ஆனா நீங்க பாத்துச் சொன்னா தப்பா இருக்காதுல்லா.”

“நீ செய்யல” என்றேன். “சார், இவன் செய்யல. யாரும் செய்யல. என் கோடுலதான் தப்பு. நான்தான் கவனிக்கல.”

சார் என் பக்கம் திரும்பினார். பிறகு கனிவாகத் தலையை அசைத்தார். “உங்க மனசு எனக்குப் புரியுது. சின்னப் பையன், வெளியூர். ஆனா காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு சொன்னா எப்படி? நாலு வருஷம் ஓடின கோடு திடீர்னு இந்த ரெண்டு மாசத்துல கெடுமா?”

“வேண்டாம்க்கா” என்றான் ரெக்ஸ்லின். “எனக்க மேல இரக்கப்பட்டு உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க. நான் எங்கயாவது பிழைச்சுக்கிடுவேன்.”

நம்பவில்லை. இரண்டு பேரும் நம்பவில்லை. காலையில் ஒன்றுமே சொல்லாமல் ஒரு பெயரைப் போட்டேன், உடனே நம்பினார்கள், இப்போது உண்மையைக் கத்திச் சொல்கிறேன், நல்ல மனசு என்கிறார்கள். மேஜை மேல் அவன் எழுதத் தொடங்கிய தாள், ஐயா என்பது மட்டும் எழுதியிருக்கிறது. என் போனை எடுத்து கோவில்பட்டிக்குப் போட்டேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்துத் தாளின் மேலேயே வைத்தேன். அங்கே பதிவு பார்ப்பவர் சுடலைமணி அண்ணாச்சி, ராணுவத்தில் இருந்து வந்தவர், இரண்டு முறை பேசியிருக்கிறேன்.

“சொல்லுங்க தாயி, என்ன இந்நேரத்துல?”

“அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர்ல இப்ப மணி என்ன?”

“மணியா? மூணு முப்பத்தஞ்சு. ஏன், மெட்ராஸ்ல கடிகாரத்துக்கும் பஞ்சம் வந்துட்டாக்கும்?”

தணிகைவேல் சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பிறகு ரெக்ஸ்லினுடைய கவிழ்ந்த போனை அவரே திருப்பிப் பார்த்தார்.

“அது பத்து நிமிசம் கூட இருக்கும்லா” என்றது போன். “நாந்தான் கூட்டி வச்சேன். இங்க உள்ள பயலுக ஒம்போதுக்கு வாங்கலேன்னா ஒம்பதே காலுக்குத்தான் ஆடி அசைஞ்சு வாரானுவ. வந்து உக்காந்ததும் முதல்ல பாக்குறது கம்ப்யூட்டரைத்தானே, அதுல பத்துக் கூடக் காட்டுனா ஒரு பயம் இருக்கும். தானா சரி பண்ணிக்கிடும்னு ஒண்ணு இருந்துச்சு, அதையும் அமத்திப் போட்டுட்டேன். இப்ப ஒரு பய லேட்டு கிடையாது. என்ன, தப்பா தாயி?”

“இல்ல அண்ணாச்சி. அப்புறம் பேசறேன்.”

போனை எடுத்தபோது தாளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தது, யாரும் குனியவில்லை. முந்தி ஓடும் கடிகாரம் எப்படி எங்கள் இம்போர்ட்டை ஏமாற்றுகிறது, மணியின் முதல் பத்து நிமிடம் எப்படித் தொலைகிறது, முப்பது பேரும் ஏன் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே விழுந்தார்கள் என்று சொன்னேன், நன்றாகவே சொன்னேன், சிறு பிள்ளைக்குக்கூடப் புரிகிற மாதிரி. சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்ப அந்த மதுரை அம்மாவுக்கு நாமதான் போன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும் என்றார், ரெக்ஸ்லின் பக்கம் திரும்பி, சாரிப்பா, நீங்க போய் வேலையைப் பாருங்க என்றார், அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் துக்க வீடு இல்லை, அவ்வளவு சுலபமாக வெளியே வந்துவிட்டார். ரெக்ஸ்லின் எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, அவனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது, அங்க பதியுற ஆளுக்க நேரம், அவன் உதடு அசைந்தது, அதைப் புரிந்துகொண்ட சந்தோஷம் ஒரு கணம் நிஜமாகவே இருந்தது. பிறகு அது அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினான்.

“அப்போ என்னை எதை வச்சுக்கா சொன்னிய?”

கோபமாகக் கேட்கவில்லை. கோடில் ஒரு வரி புரியாதபோது நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்பானே, அந்தக் குரல்தான், கட்டாயம் ஒரு பதில் இருக்கும், அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்கிற குரல். நான் தேடினேன். சிரித்தாய் என்று சொல்லலாமா, படிக்கட்டில் நின்று பேசினாய் என்று, மீன் குழம்பு கொண்டுவந்தாய் என்று, எக்கா என்றாய் என்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தேன். அவன் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.